மாடியறை மூச்சு

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று அலுவலகத்தில் கேட்டார்கள். குழாயை எப்படிப் பொருத்துவது, வால்வை எப்படிச் சோதிப்பது என்பதையெல்லாம் உங்கள் பயிற்சிப் புத்தகம் என்னைவிட நன்றாகச் சொல்லும். கலரில் படமும் போட்டிருக்கிறார்கள். அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். ஓய்வு பெற ஒரு வருஷம் பாக்கி இருக்கும்போதே ஏன் வேலையை விட்டீர்கள் என்று உங்களில் சிலர் கேட்டிருக்கிறீர்கள். முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்து வந்தேன். முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வீடு குழாய் கேஸ் நம் காரைக்காலுக்கு வருவதற்கு முன், சிலிண்டர் ஏஜென்சியில் பல வருஷம் மெக்கானிக்காக இருந்தவன் நான். என்னைத் தொழிலுக்குள் இழுத்துவிட்டவர் ஒரு முரட்டு மனிதர். கசிவு என்று யாராவது கூப்பிட்டால், வீட்டுக்குள் நுழைந்ததும் வணக்கம்கூடச் சொல்லாமல் தரையில் மண்டியிட்டு மோந்து பார்ப்பார். சிலிண்டர் கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தவழும். "குனியாதவன் கேஸ்காரன் இல்லடா" என்பார். அவருடைய வசவுகளை மறந்துவிட்டேன், அந்த ஒரு வாக்கியம் மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. குழாயில் வருகிற இயற்கை எரிவாயு காற்றைவிட லேசு, அது மேலே ஏறும் என்று புது வேலையின் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். தேர்வில் அதைச் சரியாக எழுதி முழு மார்க்கும் வாங்கினேன். தலைக்குத் தெரிந்தது முழங்காலுக்குத் தெரியவில்லை.

இன்னொரு விஷயமும் உண்டு. உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த அந்தக் காய்ச்சல் காலத்தில் என் மூக்கு செத்துப்போனது. மற்றவர்களுக்கெல்லாம் ஒரு மாதத்தில், இரண்டு மாதத்தில் வாசனை திரும்பி வந்தது. எனக்கு வரவே இல்லை. மல்லிகையும் ஒன்றுதான், மீன் மார்க்கெட்டும் ஒன்றுதான். கேஸ் கம்பெனியில் வீடு பார்க்கப் போகிற சூப்பர்வைசருக்கு மூக்கு இல்லை என்று தெரிந்தால் என்ன செய்வார்கள்? அன்று மாலையே மூலையில் உட்காரவைத்துவிடுவார்கள். கையில்தான் கசிவு பார்க்கிற கருவி இருக்கிறதே, அது போதும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். மனைவியிடம்கூட மூச்சுவிடவில்லை. அவள் குழம்பு கொதிக்கும்போது "ஆகா, என்ன வாசனை" என்று நடிக்கிற அளவுக்குத் தேறிவிட்டிருந்தேன்.

இனி ஜுலைகா லாத்தா வீட்டுக்கு வருகிறேன். லாத்தா என்றால் அக்கா. எங்கள் ஊர் முஸ்லிம் வீடுகளில் அப்படித்தான் கூப்பிடுவார்கள், பழகிய தோஷத்தில் நாங்களும் கூப்பிடுவோம். பள்ளிவாசலுக்கு இரண்டு தெரு தள்ளி, மேலே ஒரே ஒரு அறை வைத்த பழைய வீடு. லாத்தாவுக்கு அறுபது தாண்டிய வயது. முப்பது வயதில் கண்ணில் நீர் அழுத்தம் வந்து இரண்டு கண்ணும் போய்விட்டன. கல்யாணம் ஆகவில்லை. தம்பி செய்யது துபாயில் இருந்தார். தம்பி மனைவி நசீமா லாத்தாவோடு அந்த வீட்டில் இருந்தார். சமையல் மட்டும் லாத்தா கையில். நசீமா நன்றாகச் சமைப்பவர்தான், ஆனால் அந்த அடுப்பங்கரையில் அவருக்கு வேலை காய் நறுக்குவதோடு சரி.

எங்கள் குழாய் அந்தத் தெருவுக்கு வந்தபோது, கேஸா, முழுக்கக் கரண்டா என்று அந்த வீட்டில் பெரிய பேச்சு. செய்யது துபாயிலிருந்து உறுதியாகச் சொல்லிவிட்டார், முழுக்கக் கரண்ட்தான் என்று. கண் தெரியாதவர் கையில் நெருப்பை எப்படிக் கொடுப்பது என்பது அவர் கேள்வி. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் அங்கே உட்கார்ந்து அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி மாதிரி வழவழப்பான இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்றையும் பார்சலில் அனுப்பிவைத்திருந்தார். நான் வீட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளப் போன அன்றைக்குத்தான் லாத்தா அதில் பால் காய்ச்சிப் பார்த்துக்கொண்டிருந்தார். நசீமா கடைக்குப் போயிருந்தார்.

"தம்பி, நெருப்புன்னா பேசணும்" என்றார் லாத்தா. "தீ ஏறுறதும் எறங்குறதும் எனக்குக் காதுலதான் தெரியும். இது ஒரே மாதிரி உம்முன்னு கெடக்குது. இருக்குதா அணைஞ்சிடுச்சான்னே தெரியலீங்க."

அதில் திருகுவதற்குக் குமிழே இல்லை. விரல் பட்டால் போதும். இடம் தெரிவதற்காக நசீமா அதன்மேல் ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிவைத்திருந்தார். பொட்டைத் தேடி லாத்தா விரலை ஓட்டினால், தேடுகிற விரலுக்கே அடுப்பு கூடுகிறது, குறைகிறது, அணைகிறது. பாத்திரத்தை இறக்கிய பிறகு கண்ணாடி ஆறிவிட்டதா என்று உள்ளங்கையை வைத்தவர் சட்டென்று எடுத்தார். கை சிவந்துவிட்டது. அவர் அழவில்லை, கையைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.

"டீ அருமைங்க லாத்தா" என்றேன்.

அவர் ஒரு நொடி என் பக்கம் முகத்தைத் திருப்பி நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "கரண்ட் அடுப்பு வந்தா எந்தம்பி சமையலுக்கு ஆள் வச்சிடுவான். அடுப்பையும் எடுத்துட்டா இந்த வீட்டுல நானும் ஒரு சாமான்தான் தம்பி. எடுத்து வச்ச எடத்துல இருக்கணும்."

இங்கே ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். கேஸா கரண்டா என்று கேட்கிற வீட்டில் ஆயிரம் நியாயம் பேசுவார்கள். புயல் காலத்தில் நாலு நாள் கரண்ட் இருக்காது என்பார் ஒருவர், குழாய் வெடித்துவிடும் என்பார் இன்னொருவர். அந்த அடுப்பின் முன்னால் தினம் நிற்கப்போகிறவர் யார் என்பதை முதலில் கேளுங்கள். நான் கேட்டேன், அதனால் கேஸ் என்று எழுதினேன். செய்யதிடம் போனில் பேசி, "என் பொறுப்புங்க" என்று சொல்லிச் சம்மதிக்கவைத்தேன். வருங்காலத்தில் மாடியிலும் ஒரு சின்ன அடுப்பங்கரை வேண்டும் என்று அவர் சொன்னதால், மேலறைக்கும் ஒரு குழாயைக் கொண்டுபோய் முனையை அடைத்துவைத்தோம். சோதனை செய்து கையெழுத்துப் போட்டதும் நான்தான். அதுவரை எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

சில மாதம் கழித்துச் செய்யது விடுமுறையில் வந்தார். கிளம்புவதற்கு முதல் நாள் மேலறைக்கு ஏசி மாட்டினார். துபாய்க்குத் திரும்பும்போது, தூசியும் உப்புக்காற்றும் போகாதபடி ஜன்னலையெல்லாம் அடைத்து, கதவுக்கு அடியில் துணியைத் திணித்து, அறையைப் பூட்டி, சாவியையும் பெட்டியில் போட்டுக்கொண்டு போய்விட்டார். சாமான்கள் உள்ளே இருந்தன.

அவர் போன ஒரு வாரத்துக்குள், ஒரு திங்கட்கிழமை நசீமா எனக்குப் போன் செய்தார். பயந்த குரல்.

"சார், கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா? மேல பூட்டுன ரூம்ல யாரோ இருக்காங்கன்னு லாத்தா சொல்றாங்க."

போனேன். லாத்தா மாடிப்படியின் உச்சியில், பூட்டிய கதவில் காதை வைத்து நின்றிருந்தார். நான் ஏறிவரும் சத்தம் கேட்டதும் திரும்பாமலே கையை உயர்த்தினார்.

"சத்தம் போடாம வாங்க. உள்ள மூச்சு விடுது."

"யாரு லாத்தா?"

"யாருன்னு தெரியலை. அஞ்சாறு நாளா விடுது. இழுக்கறதே இல்லை தம்பி. விட்டுகிட்டே இருக்கு."

மூச்சை இழுக்காமல் விட்டுக்கொண்டே இருப்பது எது? நானும் கதவில் காதை வைத்தேன். என் காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. தெருவில் ஆட்டோ போகிற சத்தம், எங்கோ கோழி. ஆனால் உள்ளே ஏதோ கவனித்துக்கொண்டிருப்பதுபோல ஒரு கூச்சம் முதுகில் ஏறியது. பின்னால் நின்ற நசீமா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டார்.

"வாடையும் வருது சார். எதோ செத்து அழுகுன வாடை. ரெண்டு நாளா எனக்கு மேல வரவே பயமா இருக்கு. ஜின்னு கின்னு எதாச்சும் குடியேறிடுச்சோன்னு அம்மா வீட்டுல கேக்குறாங்க."

செத்து அழுகிய வாடை. கேஸில் நாம் கலக்கிற வாடை என்ன மாதிரி இருக்கும் என்று முதல் நாளே உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் தெரியும். அப்படியானால் அந்த நொடியில் நான் என்ன செய்திருக்க வேண்டும்? அடுப்பை அணைக்கச் சொல்லி, வெளியே போய் மீட்டரைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு நிமிட வேலை.

நான் மண்டியிட்டேன். கதவுக்கு அடியில், துணி திணித்த இடுக்கில் மூக்கை வைத்து இழுத்தேன். கருவியையும் அந்த இடுக்கிலேயே வைத்தேன். கருவி பேசாமல் இருந்தது. என் மூக்கைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நசீமா நின்றபடியே முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். கதவுக்கு மேலே காற்றுப் போக மரச்சட்டம் வைத்த திறப்பு ஒன்று இருந்தது. அவர் முகம் அதற்குப் பக்கத்தில் இருந்தது. நான் தரையில் இருந்தேன். இத்தனைக்கும் தேர்வில் முழு மார்க் வாங்கியவன்.

எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு சொன்னேன்: "எலிங்க. உள்ள எலி செத்துக் கெடக்குது. கேஸா இருந்தா என் மூக்குக்குத் தெரியாதா? இத்தனை வருஷ மூக்கு இது."

நசீமா முகத்தில் நிம்மதி வந்தது. லாத்தா என் பக்கம் திரும்பினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

இறங்கும்போது நசீமா சொன்னார்: "அவங்க கூட்டாளி ஒருத்தர் துபாய்லேந்து வர்றாரு சார். சாவியைக் கொடுத்தனுப்பியிருக்காங்க. வெள்ளி ராவு ரூமைத் தொறந்து, சுத்தம் பண்ணி, நல்லா சாம்பிராணி போட்டுடுறோம். எலியோ ஜின்னோ, ஓடிடும்."

"செய்யுங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வியாழக்கிழமை சாயங்காலம் கோட்டுச்சேரியில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். கொல்லைப்பக்கம் போயிருந்த மனைவி ஓடிவந்தாள்.

"கருவாட்டுக் குழம்பு அடி புடிச்சி வீடே நாறுது. தெருவுல போறவங்க எட்டிப் பாக்குறாங்க. நீங்க கல்லு மாதிரி உக்காந்திருக்கீங்க. உங்களுக்குத் தெரியலையா?"

தெரியவில்லை. புகை கூடம்வரை வந்திருந்தது. நிமிர்ந்து பார்த்த பிறகுதான் கண்ணுக்குத் தெரிந்தது. உத்தரத்துக்குக் கீழே நீலமாகத் திரண்டு நின்றது அந்தப் புகை. மேலே. என் தலைக்கு மேலே. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒன்றுமில்லை.

அந்த மாடிக் கதவும், மேலே இருந்த மரச்சட்டமும், முந்தானையால் மூக்கை மூடிய நசீமாவும் அப்படியே கண்முன் வந்தார்கள். இருந்தாலும் பாருங்கள், மனித மனசு எவ்வளவு கேவலமானது என்று. அறையைத் திறப்பது வெள்ளி ராத்திரிதானே, நாளைக் காலையில் போய், சத்தமில்லாமல் மறுபடி ஒருமுறை பார்த்துச் சரிசெய்துவிட்டு, என் தப்பு வெளியே தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டேன். மனசை ஆற்றிக்கொள்ள முக்கிலிருந்த டீக்கடைக்கு நடந்தேன். கடைக்காரர் பாய், எனக்கு ரொம்ப நாள் பழக்கம். அடுப்பை அணைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன பாய், இவ்ளோ சீக்கிரம்?"

"வெள்ளி ராவுல்ல? வீட்டுக்குப் போயி சாம்பிராணி போடணும்ங்க. பொண்டாட்டி திட்டுவா."

அவர்களுக்கு நாள் தொடங்குவது சூரியன் அடைந்ததும். வியாழன் மாலை மஃரிப் பாங்கு, அதாவது அந்தித் தொழுகைக்கான அழைப்பு, சொன்னால் வெள்ளி வந்துவிட்டது. வெள்ளி ராவு என்றால் வியாழன் இரவு. பிறந்தது முதல் இந்த ஊரில் இருக்கிறேன், இது எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். எனக்கு ஒரு நாள் அவகாசம் தேவைப்பட்டது, அதனால் வசதியான அர்த்தத்தை எடுத்துக்கொண்டேன். அவ்வளவுதான்.

ஸ்கூட்டரை எடுத்தேன். நசீமாவுக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. அவசர எண்ணுக்கு அடிக்க வேண்டும். அடித்தால் திங்கட்கிழமை நான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். இரண்டு தெரு தூரம் அந்தப் போனைக் கையில் பிடித்துக்கொண்டே வண்டி ஓட்டினேன். அந்த இரண்டு தெருவை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை. பிறகு ஓரமாக நிறுத்தி அடித்தேன். "மேல் மாடியில கசிவு. பூட்டுன ரூம். திங்கக்கிழமை நான் பாத்தேன், கோட்டை விட்டுட்டேன். ஆளை அனுப்புங்க" என்றேன். நான் சொன்னதிலேயே கடினமான வாக்கியம் நடுவில் இருந்ததுதான்.

அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது விளக்கு வைக்கிற நேரம். ஒவ்வொரு வீடாக லைட்டைப் போட்டுக்கொண்டு வந்தார்கள். வீடு வீடாக வெளிச்சம் வருவதைப் பார்த்து அப்படி ஒரு பயம் எனக்கு அதற்கு முன்னும் வந்ததில்லை, பின்னும் வந்ததில்லை. லாத்தா வீடு மட்டும் இன்னும் இருட்டாக இருந்தது. என் விரல் பழக்கத்தில் காலிங் பெல்லுக்குப் போனது. தொடுவதற்கு ஒரு அங்குலம் இருக்கும்போது கையை இழுத்துக்கொண்டேன். பெல்லில் சின்னதாகத் தெறிக்கிற பொறி போதுமே. கரண்ட்டும் நெருப்புதான், புகையில்லாத நெருப்பு.

வாசல் சுவரில் மீட்டர் பெட்டி இருந்தது. மூடியைத் திறந்தேன்.

"லாத்தா!" என்று திறந்திருந்த வாசல் வழியாகக் குரல் கொடுத்தேன். "அடுப்பு எரியுதா?"

"இல்லீங்களே" என்று மேலேயிருந்து பதில் வந்தது. "எல்லாம் அணைச்சாச்சு."

மீட்டரில் கடைசி எண் மெதுவாக உருண்டு மறைந்தது. அடுத்த எண் எழுந்து வந்தது. அடுப்பு அணைந்த வீட்டில், ஒருவரும் ஒன்றையும் தொடாத நேரத்தில், அது பாட்டுக்கு நடந்துகொண்டிருந்தது.

வாசலிலிருந்தே மாடிப்படி தெரியும். பாதிப் படியில் நசீமா. கையில் தூபக்கால், அதில் தணல் சிவப்பாக மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. இடுப்பில் சாவி. படி உச்சியில் கதவில் காதை வைத்தபடி லாத்தா. பாங்கு இன்னும் சொல்லவில்லை. பாங்கு முடிந்ததும் திறப்பதாக இருந்தார்கள்.

கேஸ் என்று கத்தலாமா? யோசித்துப் பாருங்கள். இருட்டில் நிற்கிற மனுஷியிடம் கேஸ் என்று கத்தினால் அவர் முதலில் என்ன செய்வார்? ஓடுவதற்கு வழி தெரிய லைட்டைப் போடுவார். சுவிட்ச் நசீமாவின் தோளுக்குப் பக்கத்தில் இருந்தது. வாய்வரை வந்த வார்த்தையை விழுங்கினேன்.

"லாத்தா, உள்ள மூச்சு கேக்குதா?"

"கேக்குது தம்பி."

வால்வைத் திருகி அடைத்தேன். எண் பாதியில் நின்றது.

"இப்ப?"

லாத்தா காதை இன்னும் அழுத்தி வைத்தார். தெரு முழுக்க ஓய்ந்துவிட்டதுபோல இருந்தது. பிறகு லாத்தா, எனக்கு அதுவரை பழக்கமில்லாத குரலில் சொன்னார்.

"நின்னுடுச்சு."

அதைக் கேட்டு நான் நிம்மதிப் பெருமூச்சு விட்டேன். அதுதான் எனது அடுத்த தப்பு. படியில் நின்ற நசீமாவும் அதைத்தான் கேட்டார். "அல்லாவே, போயிடுச்சு லாத்தா! சாம்பிராணிக்குப் பயந்து போயிடுச்சு!" என்றார். அதுவரை பயந்து பாதியில் நின்றவருக்குத் தைரியம் வந்துவிட்டது. ஓதிக்கொண்டே தணலோடு விறுவிறுவென்று மேலே ஏறத் தொடங்கினார். மூச்சு நின்றால் என்ன, எட்டொன்பது நாள் விட்ட மூச்சு முழுக்க அந்த அறைக்குள்தானே அடைந்து நிற்கிறது!

நான் ஓடிப் பிடிப்பதற்குள் அவர் கதவுக்குப் போய்விடுவார். அப்போது ஒன்றுதான் தோன்றியது. இருட்டு ஒரு பொருட்டே இல்லாத ஆள் அங்கே ஒருவர்தான்.

"லாத்தா! நெருப்பு மேல வருது. வாங்கிகிட்டுக் கீழ எறங்கிடுங்க. லைட்டைப் போட விடாதீங்க. ஏன்னு அப்புறம் சொல்றேன்."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. முகத்தைக் கொஞ்சம் தாழ்த்தினார். அனல் எங்கிருந்து வருகிறது என்று கன்னத்தால் பார்க்கிறார் என்று பிறகு புரிந்தது. இரண்டு படி இறங்கி, தேடாமல், தடவாமல், தூபக்காலின் பிடியைச் சரியாகப் பிடித்து வாங்கினார். மறு கையால் நசீமாவின் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டார். "சும்மா வா புள்ளே" என்ற ஒரே சொல்தான். இருட்டுக்குள் அந்தத் தணல் மட்டும் ஒரே சீராகப் படிப்படியாக இறங்கி, கூடத்தைத் தாண்டி, என்னைத் தாண்டி, தெருவுக்குப் போனது. அவர் அதை எதிர்வீட்டு ஓரத்தில் கிடந்த மணல்மேல் வைத்தார். அப்போதுதான் பாங்கு சொன்னார்கள்.

எங்கள் ஆட்கள் வந்தார்கள். தெருவையே மெயின் சுவிட்ச் அணைக்கவைத்து, வெளியிலிருந்து ஏணி போட்டு ஜன்னலைத் திறந்து, காற்றாடவிட்டு, நேரம் கழித்து அறைக்குள் போனார்கள். ஏசிக்குத் துளை போட்டவன் சுவருக்குள் போன நம் குழாயையும் லேசாக உரசிவிட்டிருந்தான். கடுகளவு காயம். காற்றாடவிடுவதற்கு முன், ஏணியில் நின்றவர் ஜன்னல் வழியாகக் கருவியைத் தரைப் பக்கம் நீட்டினார், அது பேசாமல் இருந்தது. கையை உத்தரத்துக்கு உயர்த்தினார். அது அலறிய அலறலில் தெருமுனைவரை நாய்கள் குரைத்தன. எலி எதுவும் அங்கே இல்லை.

நாலு நாள் கழித்து லாத்தா கூப்பிட்டனுப்பினார். நசீமாவின் போனில் ஸ்பீக்கரில் செய்யது இருந்தார்.

"பாத்தீங்களா சார்? உங்க பொறுப்புன்னு சொன்னீங்க. குழாயெல்லாம் பிடுங்கிடுங்க. இனிமே முழுக்கக் கரண்ட்தான். எனக்கு ரெண்டு பேரு உசுரு வேணும்."

எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் பேசுவது? கேஸை அடைத்துவைத்திருந்த அந்த நாலு நாளும் லாத்தா அந்தக் கண்ணாடி அடுப்பின் பக்கம் போகவில்லை. நசீமாதான் சமைத்திருந்தார். லாத்தா கூடத்து நாற்காலியில், எடுத்து வைத்த இடத்தில், உட்கார்ந்திருந்தார்.

"தம்பி, நீங்க சொல்லுங்க" என்றார் என் பக்கம் திரும்பி. "கேஸா கரண்டா?"

"நான் சொல்லக்கூடாதுங்க லாத்தா" என்றேன். "எனக்கு மூக்கு இல்லைங்க. அந்தக் காய்ச்சல்லயே போயிடுச்சு. திங்கக்கிழமை உங்ககிட்ட பொய் சொன்னேன்." சொல்லும்போது அழுதுவிட்டேன். வெட்கமாக இருந்தது.

நசீமா வாயில் கையை வைத்தார். லாத்தா அசையவே இல்லை.

"மொத நாளே தெரியும் தம்பி" என்றார். "கரண்ட் அடுப்புல பாலைத் தீய விட்டுட்டேன். அந்தத் தீஞ்ச பால்லதான் டீ போட்டேன். அருமைன்னு குடிச்சீங்க."

"அப்புறம் ஏன் லாத்தா சொல்லலை?"

"கண்ணு போனப்ப எங்கிட்டேந்து ஒண்ணொண்ணா எதையெல்லாம் வாங்கி வச்சிகிட்டாங்கன்னு எனக்குத் தெரியும்ல? உங்களுக்கு எதுக்கு அந்தக் கதின்னு இருந்துட்டேன். அன்னிக்கிக் கதவுகிட்ட நீங்க மூக்கைப் பத்திப் பெருமை பேசுனப்பவும் பொய்யின்னு தெரிஞ்சிதான் வாயை மூடிகிட்டேன். உங்க மரியாதையைக் காப்பாத்தப் போயி, இந்தப் புள்ளை நெருப்போட படியேறிச்சு. நான் செஞ்சதும் தப்புதான்."

மறுநாள் காலை அலுவலகத்தில் ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். என் முழங்கால் வலியின் கதை இவ்வளவுதான். உங்களில் யாருக்காவது கண்ணோ காதோ மூக்கோ குறைந்தால், அதைச் சொல்லுங்கள். மற்றவர் இரக்கப்பட்டு உங்களுக்காக மறைத்துவைக்கும்படி விட்டுவிடாதீர்கள்.

அடுப்பு என்ன ஆனது என்று கேட்பீர்கள். அன்று செய்யதிடம் லாத்தாவே பேசினார். "மேல உன் ரூமுக்குக் கரண்ட் வச்சிக்க. அந்தக் குழாயை அறுத்துடச் சொல்லு. கீழ என் அடுப்பு இருக்கட்டும். வெளி வால்வை என் கைக்கு எட்டுற எடத்துல வைக்கச் சொல்லு, நான் பாத்துக்கறேன். அந்தக் கண்ணாடி அடுப்பு வெடிக்காதுதான், நான் ஒத்துக்கறேன். ஆனா அது இருக்கற வீட்டுல நான் இல்லை." துபாயிலிருந்து, "சரி லாத்தா" என்று வந்தது.

போன வாரம் அந்தத் தெரு வழியாகப் போனேன். பாங்குக்குச் சற்று முன். வீடுகளில் லைட் எரியத் தொடங்கியிருந்தது. லாத்தா வாசலில், மீட்டர் பெட்டியைத் திறந்து, அதில் காதை ஒட்டி நின்றிருந்தார். அடுப்பை அணைத்த பிறகு தினமும் அப்படி நிற்பாராம். அந்த மீட்டருக்குள் துருத்தி மாதிரி ஒரு பை இருக்கிறது. கேஸ் ஓடினால் அது உப்பும், சுருங்கும். நமக்குக் கேட்காது. நான் செருப்பைச் சத்தமில்லாமல்தான் வைத்தேன்.

திரும்பாமலே கையை உயர்த்தினார். "தம்பி, அங்கேயே நில்லுங்க. ஒண்ணும் பேசாதீங்க."

நின்றேன். தெருவில் ஒவ்வொரு விளக்காக எரிந்துகொண்டே வந்தது. அவர் காதை எடுக்கவில்லை. எனக்குப் பின்னாலிருந்த வீட்டிலும் லைட் வந்தது. அதற்குப் பிறகும் எடுக்கவில்லை. கடைசியில் வால்வைத் திருகி அடைத்து, பெட்டியைச் சாத்தினார்.

"ஒண்ணுமில்லை. இப்ப விடலாம்" என்றார்.

அதுவரை நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.